சண்முகம் குடும்பத்தார், நிபோங் திபால்

போன வாரம் வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் வந்திருந்தார். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் பினாங்கில் சாயம் அடிப்பவர்களைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் தேடிப் போனால் காலில் விழுந்தாலும் கிடைக்க மாட்டார்கள். அதனால் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன். கூடத்துச் சுவரைச் சுரண்டிக்கொண்டே வந்தவர், சன்னலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அக்கா, இந்த ஆணியப் புடுங்கிடவா? படமும் மாட்டல, ஒண்ணும் மாட்டல. எதிர்ச் செவுத்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. எதுக்குக்கா இது?"

"அது இருக்கட்டும் தம்பி. சுத்தி அடிச்சிடுங்க."

"சுத்தி அடிச்சா அசிங்கமா இருக்கும்லா."

"அசிங்கமாவே இருக்கட்டும்லா," என்றேன். இந்தக் கிழவிக்கு ஆணி மேல் என்ன ஆசை என்று அவர் நினைத்திருப்பார். நானும் விளக்கம் சொல்லப் போகவில்லை. சொல்லத் தொடங்கினால் அன்றைய வேலை கெட்டுவிடும். கூலி நாள் கணக்கில் பேசியிருந்தோம். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை அல்லவா?

அந்த இரண்டு ஆணிகளையும் அடித்தவர் என் அப்பா. எண்பதுகளின் தொடக்கம் வரை, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இரண்டு ஆணிகளுக்கும் நடுவே ஒரு கயிறு ஏறிவிடும். மூட்டை கட்டும் வெள்ளைக் கயிறு. வந்த வாழ்த்து அட்டைகளை நடுமடிப்பில் அதன்மேல் தொங்கவிடுவார், துணி காயப்போடுகிற மாதிரி. அந்தக் காலத்தில் இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கார்டு போட்டார்கள். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்களுக்கு நாங்கள் போடுவோம், தீபாவளிக்கு அவர்கள் போடுவார்கள். சீனப் புத்தாண்டு, கிறிஸ்மஸ் எல்லாவற்றுக்கும் இதே வழக்கம்தான். தீபாவளியன்று வீட்டுக்கு வருகிறவர்களின் கண் முறுக்குத் தட்டுக்குப் போவதற்கு முன்னால் கயிற்றுக்குத்தான் போகும். வாய் திறந்து யாரும் எண்ண மாட்டார்கள். ஆனால் எண்ணிவிடுவார்கள்.

அப்பா துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. கப்பலில் வந்த சரக்கு வெளியே போக வேண்டுமென்றால் அதன் காகிதம் அப்பாவின் மேசைக்கு வந்து, அவர் கையால் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் வெங்காய மொத்த வியாபாரி, லாரி முதலாளி, கப்பல் ஏஜண்டு, பீச் ஸ்திரீட் சீன முதலாளிகளான தவுக்கேமார்கள் என்று அத்தனை பேரும் அவருக்குக் கார்டு போட்டார்கள். எங்கள் கயிறு இரண்டு வரிசை போகும். ஒரு வருடம் மூன்றாவது வரிசைக்கு ஆணி தேடினார். பெருமையை அவர் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் கார்டுகளை இடைவெளி பார்த்துச் சரிசெய்கிற சாக்கில் நாளுக்கு நான்கு முறையாவது கயிற்றடியில் நிற்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வந்த கார்டுக்கு வந்த அன்றைக்கே பதில் கார்டு போட்டாக வேண்டும். மறுநாள் என்ற பேச்சே கிடையாது. இதற்கென்று மார்க்கெட் ஸ்திரீட் புத்தகக் கடையில் ஒரு பெட்டி நிறைய கார்டு வாங்கி, பழைய பிஸ்கட் டின்னில் அந்துருண்டை போட்டு வைத்திருப்பார். எங்கள் வீட்டிலிருந்து போன தீபாவளி வாழ்த்துகள் எல்லாம் துணி அலமாரி வாசனையோடுதான் ஊர் ஊராய்ப் போயின. வாங்கியவர்கள் என்ன நினைத்தார்களோ, தெரியாது.

பக்கத்து வீட்டில் துரைசாமி வாத்தியார் இருந்தார். தமிழ்ப் பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கயிறு எங்கள் கயிற்றில் பாதிதான். அதில் அப்பாவுக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டு. பாவம், வாத்தியார் தொழிலில் இருக்கிற ஒரு சௌகரியத்தை அப்பா யோசிக்கவில்லை. படித்த பிள்ளைகள் படித்த பிள்ளைகளாகவே இருப்பார்கள். வாத்தியார் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டாலும் கார்டு வரும்.

குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை. அப்பா ஓய்வு பெற்ற வருடம் அது தெரிந்தது.

அந்த வருடமும் வழக்கம்போல் ஒரு பெட்டி கார்டு வாங்கி டின்னில் வைத்தார். கயிற்றையும் கட்டினார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கயிற்றில் மூன்று கார்டுகள் தொங்கின. ஒன்று ஈப்போவிலிருந்து அம்மாவின் தங்கை போட்டது. இன்னொன்று இன்ஷூரன்ஸ் கம்பெனி. அது செத்தவர்களுக்கும் கார்டு போடும். மூன்றாவது, அவருடைய அலுவலகத்தில் காகிதக் கட்டுகளைத் தூக்கித் திரிந்த பாக் ஹசான். தொழுகைக்குப் போகும் நேரம் தவிர அப்பா கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்த மனிதர். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. அவர் கார்டை அப்பா கயிற்றின் நட்ட நடுவில் மாட்டினார். இரண்டு பக்கமும் கயிறு காலியாகக் கிடந்தது.

தபால்காரர் வருகிற நேரத்துக்கு அப்பா வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். அந்த மாதம் பினாங்கில் எப்படி மழை பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும். செடிகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. அப்பா பூவாளியோடு கேட் அருகே நிற்பார். தபால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நேரே வாத்தியார் வீட்டுக்குப் போவார். அப்பா திரும்பி உள்ளே வந்து, "இந்த வருஷம் தபால் ரொம்ப மெதுவா வருது போல," என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா ஆமாம் என்பாள். முப்பத்தோரு வருடம் தன்னை மதித்தார்கள் என்று நம்பியிருந்த மனிதருக்கு, அவர்கள் மதித்தது நாற்காலியைத்தான் என்று கயிறு காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. தீபாவளியன்று வாத்தியார் வருவார். முதலில் கயிற்றைத்தான் பார்ப்பார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த சின்ன அச்சகத்தில் வேலை. பில் எழுதுவது, டெலிபோன் எடுப்பது, கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இடம் மாறாமல் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. ஒரே ஒரு முறைதான் மாறியது. அதைப் பற்றி இப்போது வேண்டாம். இன்றைக்கும் மண்ணெண்ணெய் வாடை எங்கிருந்தாவது வந்தால் நான் ஒரு நொடி நின்றுவிடுவேன். அச்சு மையைத் துடைக்க மண்ணெண்ணெய்தான். எங்கள் கை, கைப்பை, மதியச் சோறு எல்லாவற்றிலும் அந்த வாடை இருக்கும்.

அங்கே கட்டிங் பிரிவில் இருந்தவள் பிலோமினா. அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் கடல் தாண்டி ஃபெரியில் வருவாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், பத்து மடங்கு துணிச்சல்காரி. எங்கள் வீட்டில் அவள் பேச்சை நான் எடுக்காத நாள் கிடையாது. வருடா வருடம் தன் கோயில் சனங்களுக்கு அவளே கிறிஸ்மஸ் கார்டு செய்வாள். தேய்ந்த ரப்பர் சிலிப்பரின் குதிகால் பகுதியை அறுத்தெடுத்து, பிளேடால் நட்சத்திரம், மணி, ஆட்டுக்குட்டி என்று செதுக்கி, தீர்ந்துபோன நூல் கட்டையின் அடியில் ஒட்டிவிட்டால் முத்திரை தயார். மையில் ஒற்றி அட்டையில் குத்தி, ஈரம் காய்வதற்குள் அச்சகத்தில் இருக்கும் தங்கத் தூளைத் தூவித் தட்டினால் நட்சத்திரம் மின்னும். யாருடைய சிலிப்பர் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது அவளிடம் கயிற்றுக் கதையைச் சொல்லி அழுதுவிட்டேன். அவள் மீன் முள்ளை எடுத்து ஓரம் வைத்துவிட்டு, "அதுக்கு ஏன்டி அழுவுற? கார்டுதானே வேணும்? நாம போடுவோம்லா," என்றாள்.

"நாம போட்டா நம்ம பேருதானே இருக்கும்?"

"வேற பேரு போடு. ஊர்ல பேருக்கா பஞ்சம்?"

அப்படித்தான் பதினான்கு பேர் பிறந்தார்கள். முதலில் பிறந்தவர் சண்முகம். "வெறும் சண்முகம்னா ஒத்த ஆளு மாதிரி இருக்கு. குடும்பத்தார்னு போடு. கயிறு கனமாத் தெரியும்," என்றாள் பிலோமினா. பிறகு பட்டர்வொர்த் பாக்கியநாதன், கோமதி அம்மையார் என்று வரிசையாக வந்தார்கள். என் கையெழுத்து அப்பாவுக்குத் தெரியும் என்பதால் பெயர்களை எல்லாம் அவளே எழுதினாள், ஏழு பேரை வலது கையாலும் ஏழு பேரை இடது கையாலும். இடது கைக்காரர்கள் எல்லாரும் வயதானவர்கள் என்று வைத்துக்கொண்டோம்.

விளக்கு வேண்டுமே, தீபாவளி அல்லவா? அதற்கு அச்சகத்தின் பின்னறையில் ஒரு டை கிடந்தது. டை என்றால் ஒன்றுமில்லை, கனமான பலகையில் எஃகுக் கத்தியை ஓர் உருவமாக வளைத்துப் பதித்திருப்பார்கள். அட்டையின் மேல் வைத்து, அழுத்தும் யந்திரத்தின் பிடியை இழுத்தால் ‘டக்’கென்று அந்த உருவம் வெட்டுப்பட்டு விழும். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ கேட்டார்கள் என்று அகல் விளக்கு உருவத்தில் செய்த டை அது. வேலை முடிந்து கீழே விழுந்ததில் சுடரின் நுனிக் கத்தி கொஞ்சம் இடப்பக்கம் வளைந்துபோய்விட்டது. அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை. எங்கள் தவுக்கேயிடம் கேட்டோம். அவர் ஒரு பைசா பெறாத விஷயத்துக்கு முகத்தைச் சுளிக்கிறவர் இல்லை. "பாக்கே லா," என்று மலாயில் சொல்லிவிட்டுத் தன் கோப்பியைக் குடிக்கப் போனார். பயன்படுத்திக்கொள் என்று அர்த்தம்.

மதிய இடைவேளைகளில் ஐந்து நாள் செய்தோம். கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சிய அட்டைத் துண்டுகள்தான் எங்கள் மூலதனம். அட்டையில் விளக்கை வெட்டி, உள்பக்கம் மிட்டாய்ப் பெட்டியின் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டினோம். வெளிச்சத்தில் பிடித்தால் விளக்கு எரியும். முதல் அட்டையைச் சன்னலில் பிடித்துப் பார்த்தபோது நாங்கள் இருவரும் அதை மாறி மாறி வாங்கிப் பார்த்தோம். அவ்வளவு நன்றாக இருந்தது. வெட்டுப்பட்டு விழுந்த விளக்குத் துண்டையும் வீணாக்கவில்லை, அதற்குத் தங்கத் தூள் பூசி அடுத்த அட்டையில் ஒட்டினோம். ஒரு கார்டில் ஓட்டை, அடுத்த கார்டில் விளக்கு. சுற்றிலும் பிலோமினா புதிதாகச் செதுக்கிய மாங்காயும் கோலமும் குத்தினோம். அவள் ஒரு மயிலும் செதுக்கினாள். அது கோழி மாதிரி வந்தது. கோழியைத் தீபாவளியன்று எந்த வீட்டிலும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று அதையும் குத்திவிட்டோம். கோமதி அம்மையார் கார்டில் மட்டும் அவள் கை தவறிக் கிறிஸ்மஸ் மணியைக் குத்திவிட்டாள். "மணி எல்லாருக்கும் பொது," என்று சாதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிலோமினாவின் மாமா நிபோங் திபாலை ஒட்டிய பைராம் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் அவள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஐந்து கார்டுகளை அவர் கையில் கொடுத்து நிபோங் திபாலில் தபாலில் போடச் சொன்னாள். ஐந்தை அவளே பட்டர்வொர்த்தில் போட்டாள். மீதி நான்கை நான் ஜார்ஜ் டவுனில் போட்டேன். தபால் முத்திரை வரைக்கும் யோசித்துவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே கர்வம்.

மறுநாளிலிருந்து தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்தார். அப்பா பூவாளியைக் கீழே வைத்தார். அதோடு செடிகளும் பிழைத்தன.

ஆனால் நாங்கள் ஒன்றை மறந்திருந்தோம். அப்பா வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கே அது மறந்துபோனது என்றால் என்னை என்ன சொல்வது? வந்த கார்டுக்கு அன்றைக்கே பதில் போட வேண்டும். பதில் போட வேண்டுமென்றால் விலாசம் வேண்டும். பதினான்கு பேரில் ஒருவருக்கும் ஊர்ப் பெயருக்கு மேல் நாங்கள் விலாசம் எழுதவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அப்பா கார்டுகளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"சண்முகம் குடும்பத்தார், நிபோங் திபால். யாரு இது? என் சர்வீஸ்ல எனக்குத் தெரிஞ்சு மூணு சண்முகம். ஒருத்தரும் நிபோங் திபால் இல்ல."

"ஏதாவது நல்ல காரியம் செஞ்சு குடுத்திருப்பீங்க. நெனப்பு வெச்சுப் போட்டிருக்காங்க," என்றாள் அம்மா. அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அதுக்கில்ல. அட்ரஸ் இல்லியே, பதில் போடணுமே. நாளைக்குக் காலைல ஃபெரி புடிச்சு, பஸ் புடிச்சுப் போய் விசாரிச்சிட்டு வந்துடறேன். சின்ன ஊருதானே, கேட்டா சொல்லிட மாட்டாங்களா?"

மழையில் குடையோடு நிபோங் திபால் தெருக்களில் இல்லாத சண்முகத்தைத் தேடி அலையும் அப்பா என் கண் முன்னால் வந்து நின்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அப்பா, அவரை எனக்குத் தெரியும்பா. எங்க பிரஸ்ஸுக்கு பில் புக் அடிக்க வருவாரு. அவரு லெட்டரெல்லாம் எங்க பிரஸ் தபால் பெட்டி நம்பருக்குத்தான் வரும்."

"நிபோங் திபால்ல இருக்கறவருக்கு இங்க எதுக்கு தபால் பெட்டி?"

"அங்க... தபால் லேட்டாகுமாம்பா."

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்ப பட்டர்வொர்த் பாக்கியநாதன்?"

"அவரும் அங்கதான்பா வாங்கிக்குவாரு."

"கோமதி அம்மையார்?"

"அவங்களும்தான்."

"சரி. நம்பரைச் சொல்லு," என்று அப்பா பேனாவை எடுத்தார். நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கண்டம் தப்பியது என்று நான் மூச்சு விட்டபோது, "பாப்பா, காதுகிட்ட ஏதோ மினுங்குது பாரு. தொடச்சுக்கோ," என்றார். தங்கத் தூள். தொட்ட இடமெல்லாம் ஒட்டும், தலைக்குக் குளித்தாலும் போகாது. "வெயில்ல வந்தேன்லப்பா," என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். வெயிலுக்கும் மினுங்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அப்பா கேட்கவில்லை.

தீபாவளியன்று சாயங்காலம் துரைசாமி வாத்தியார் வந்தார். கயிற்றைப் பார்த்தார், உட்காரவில்லை. பதினேழு கார்டுகள். போன வருடம் மாதிரி இரண்டு வரிசை இல்லைதான், ஆனால் அந்த ஒரு வரிசை சன்னலிலிருந்து எதிர்ச் சுவர் வரை நிறைந்திருந்தது. மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த நேரம். சன்னல் பக்கத்துக் கார்டுகளில் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"பரவால்லையே! எல்லாம் கைவேல மாதிரி இருக்கே. யாரு இது, சண்முகம்?"

நான் முறுக்குத் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றேன்.

அப்பா நிதானமாகத் துண்டைத் தோளில் சரிசெய்தார். "அது பெரிய கதை வாத்தியாரே. வெங்காயம் எடுக்கறவரு. ஒரு தடவ சரக்கு கப்பல்ல மாட்டிக்கிச்சு. மழ வேற. வெங்காயம் மொளச்சிடும்னு மனுஷன் கண் கலங்கிட்டாரு. நானே பேப்பரைக் கைல எடுத்துக்கிட்டு மேசை மேசையா ஓடினேன். அத அவரு மறக்கல பாருங்க. நல்ல குடும்பம்."

"அப்படியா! இந்தக் காலத்துல யாரு நெனப்பு வெக்கிறாங்க?" என்றார் வாத்தியார். பிறகு மூக்கைக் கார்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லா விளக்கும் ஒரே பக்கமா சாயுதே?"

ஓட்டை விளக்கு, ஒட்டின விளக்கு, சிவப்பு, தங்கம் என்று என்னவெல்லாமோ மாற்றியிருந்தோம். பதினான்கு சுடரும் இடப்பக்கம் வளைந்திருப்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

"ஒரே பக்கத்துக் காத்து போல," என்றார் அப்பா. "உக்காருங்க வாத்தியாரே. பாப்பா, கோப்பி கொண்டா."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அன்று முழுக்க எனக்கு ஒரே வேதனை. அப்பா நம்பிவிட்டார், நம்பியது போதாதென்று இல்லாத வெங்காயக்காரரைத் தன் நினைவுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்தேன். ஏமாற்றிவிட்டோமே என்று இருந்தது. வேலைக்குத் திரும்பியதும் பிலோமினாவிடம் சொன்னேன். அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "நான் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல என்னான்னுடி சொல்லுவேன்? பதினாலு பேரைப் பெத்தேன்னா?" என்றாள்.

அன்றைக்குப் பதினொரு மணிக்குத் தவுக்கே, இரண்டு வாரமாகத் திறக்காமல் விட்டிருந்த தபால் பெட்டியைத் திறந்துவிட்டு வந்தார். கையில் ஒரு கட்டு உறைகள். என் மேசையில் போட்டு, "சியாப்பா இனி சண்முகம்?" என்றார். யார் இந்தச் சண்முகம்? நான் திருதிருவென்று விழித்தேன். தவுக்கே என்னைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பதினான்கு உறைகள். ஒவ்வொன்றிலும் அந்துருண்டை வாசனை. பின்னறைக்குப் போய் டை வைத்திருந்த அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். அப்பாவின் நேர்த்தியான குமாஸ்தா எழுத்து.

"அன்புள்ள சண்முகம் குடும்பத்தாருக்கு, தங்கள் வாழ்த்து கிடைத்தது. நாம் சந்தித்ததில்லை. ஆனாலும் இந்த வருடம் என்னை நினைத்தவர்களில் தாங்களே முதல்வர். நேரத்தோடு வீடு போய்ச் சேரவும். மதியச் சாப்பாட்டை விட வேண்டாம்."

கோமதி அம்மையாருக்கு: "தங்கள் கார்டில் மணி இருந்தது. கண்டு மகிழ்ந்தேன். அந்த மணிக்குச் சொந்தக்காரப் பெண் ஃபெரியில் பத்திரமாகப் போய் வரட்டும். ஒரு நாள் நம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லவும்."

பிலோமினா அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். சத்தம் போட்டு அழுகிற பெண் அவள். அன்றைக்குச் சத்தமே இல்லாமல் அழுதாள். நான் கடைசி உறையைப் பிரித்தேன். பட்டர்வொர்த் பாக்கியநாதனுக்கு.

"முப்பத்தோரு வருடம் முத்திரை பார்த்த கண் இது. சுடர் நுனியைக் குறடு வைத்து நிமிர்த்திவிடலாம். ஆனால் நிமிர்த்த வேண்டாம்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "போஸ்ட் ஏதாச்சும் வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுப்பா."

"ம்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு பேச்சு நடக்கவில்லை. டின்னைத் திறந்து பார்த்தேன், அந்துருண்டைகளுக்கு நடுவில் கார்டுகள் குறைந்திருந்தன.

அடுத்த வருடம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சாப்பாட்டுக்கு நடுவில், "இந்த வருஷம் சண்முகம் கார்டு போடுவாரா?" என்றார். "போடுவாருப்பா," என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பிலோமினா வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்து நாங்கள் இருவரும் கூடத்தில் அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தோம். அப்பா சிறிது நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "சண்முகத்துக்கு வேல ஜாஸ்தி போல இருக்கே. நான் கொஞ்சம் குத்திக் குடுக்கறேன்," என்று சிலிப்பர் முத்திரையைக் கையில் எடுத்தார். ஓர் அட்டையில்கூட மை திட்டுத் திட்டாக விழவில்லை. கோழி மயிலைக்கூட மயிலாக்கிவிட்டார் என்று பிலோமினா சொன்னாள். அம்மா வடை சுட்டாள். வீடு முழுக்கத் தங்கத் தூள்.

சண்முகம் குடும்பம் அப்புறம் நன்றாக வளர்ந்தது. பதிமூன்று வருடம் கார்டு போட்டார்கள். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது, அப்பா பதிலில் மாப்பிள்ளையை விசாரித்தார். புது வீடு கட்டினார்கள், எந்தப் பக்கம் வாசல் என்று கேட்டார். எனக்கே கல்யாணமாகி நான் மாமியார் வீட்டுக்குப் போன வருடம் சண்முகத்துக்கு வந்த கார்டு மட்டும் கொஞ்சம் நீளம். பெண்பிள்ளைகள் போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

அப்பா போய்ப் பல காலம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் நான் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். அவர் போன வருடம் வீட்டில் தீபாவளி இல்லை, கயிறும் கட்டவில்லை. அதற்கடுத்த வருடமும் கட்டவில்லை. பிறகு எல்லார் வீட்டிலுமே கயிறு இறங்கிவிட்டது. அச்சகம் இருந்த கட்டடத்தில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் கோப்பி குடிக்கிறார்கள். டை எங்கே போனதோ, பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும். தவுக்கேயின் தபால் பெட்டி எண் மட்டும் எனக்கு மனப்பாடம். என் சொந்த டெலிபோன் நம்பரைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

பிலோமினா இன்னும் பாகான் டாலாமில்தான் இருக்கிறாள். முழங்கால் வலி, ஃபெரிப் பக்கம் வருவதில்லை. தீபாவளியன்று காலையில் என் கைப்பேசியில் விளக்குப் படங்கள் வந்து குவியும். யாரோ யாருக்கோ அனுப்பியதை யாரோ எனக்கும் அனுப்பியிருப்பார்கள். நடுவில் அவளுடையதும் இருக்கும். படத்துக்கு அடியில், "இப்படிக்கு, சண்முகம் குடும்பத்தார், நிபோங் திபால்" என்று தட்டியிருப்பாள்.

கைப்பேசியைக் கயிற்றில் தொங்கவிட முடியாது. ஆனால் பதிலை மறுநாளைக்குத் தள்ள என்னால் முடிவதில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக அப்போதே தட்டி அனுப்பிவிடுவேன்:

"அன்புள்ள சண்முகம், தங்கள் வாழ்த்து கிடைத்தது. மதியச் சாப்பாட்டை விட வேண்டாம்."